டைபர்ன் மடமும் ஒரு விடுபட்ட பெயரும்

லண்டனில் ஆக்ஸ்போர்டு தெரு என்று இன்று உலகம் அறிந்த கடைத்தெருவுக்கு ஒரு காலத்தில் டைபர்ன் ரோடு என்று பெயர். பணக்காரர்களின் பார்க் லேன், டைபர்ன் லேன் ஆக இருந்தது. இரண்டும் வந்து முட்டுகிற மூலையில்தான் தூக்குமரம் நின்றது. நகரம் மேற்கே வளர வளர, தூக்குமரத்தின் பெயர் ஒட்டிய முகவரியில் யாருக்கும் குடியிருக்கப் பிடிக்கவில்லை போலும். பெயர்கள் மாறின. 1783-க்குப் பிறகு தூக்கிலிடும் காரியம் நியூகேட் சிறை வாசலுக்கு மாற்றப்பட்டது. 1851-ல் பக்கிங்ஹாம் அரண்மனை முன் நின்ற சலவைக்கல் வளைவு ஒன்றைப் பெயர்த்துக்கொண்டுவந்து அந்த மூலையில் நிறுத்தினார்கள். இப்போது மார்பிள் ஆர்ச் என்றால் பஸ் நிறுத்தம், சுரங்க ரயில், துணிக்கடை. மரம் நின்ற இடத்தைக் காட்ட, வண்டிகளுக்கு நடுவே ஒரு தரைத்திட்டில் வட்டமான கல் ஒன்று பதித்திருக்கிறார்கள்.

ஊர் கைவிட்ட அந்தப் பெயரைத் தன் கதவில் எழுதி வைத்துக்கொண்டிருப்பது ஒரு கன்னியர் மடம். அந்தக் கல்லிலிருந்து மேற்கே சில நிமிஷ நடையில், ஹைட் பார்க்கைப் பார்த்தபடி, அடுக்கு வீடுகளின் வரிசையில் 8-ஆம் எண். 1903-லிருந்து அங்கே இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் நடத்துவதில்லை, ஆஸ்பத்திரி நடத்துவதில்லை. கதிர்ப்பாத்திரத்தில் வைக்கப்பட்ட திவ்ய நற்கருணையின் முன் இரவும் பகலும் முறைவைத்து முழங்காலிடுவதும், நாளுக்குப் பல வேளை கூடிச் சங்கீதங்கள் பாடுவதும்தான் அவர்கள் வேலை. சிற்றாலயத்துக்குள் யாரும் போகலாம். கன்னியர்கள் கிராதிக்கு அப்பால் இருப்பார்கள்.

நான் லண்டன் போனவனல்ல, கிறிஸ்தவனும் அல்ல. புத்தகங்களும் வரைபடங்களும் தந்ததை வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். சரித்திரம் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளப்படுகிறது, யாரால், யாரை விட்டுவிட்டு என்ற விஷயத்தில் எனக்கிருக்கும் ஈடுபாடுதான் இந்த மடத்தின் பக்கம் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது.

முதலில் அந்த மரத்தைப் பற்றி. டைபர்னில் தூக்கிலிட்டதாகப் பதிவாகியிருக்கும் முதல் சம்பவம் 1196-ல். வில்லியம் பிட்ஸ் ஆஸ்பெர்ட் என்பவன் லண்டன் ஏழைகள் மேல் விழுந்த வரிச்சுமையை எதிர்த்துக் கிளர்ந்ததற்காக அங்கே இழுத்துவரப்பட்டான். கடைசிச் சம்பவம் 1783 நவம்பர் 3. ஆள் ஜான் ஆஸ்டின், வழிப்பறிக்காரன். இடைப்பட்ட ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளில் எத்தனை பேர் என்பதற்குத் துல்லியமான கணக்குக் கிடையாது. பல பத்தாயிரம் என்பதில் சந்தேகமில்லை. 1571-ல் மூன்று கால்களும் மூன்று விட்டங்களுமாக நிரந்தரமான தூக்குமரம் ஒன்றை நட்டார்கள். ஒரு விட்டத்துக்கு எட்டு என்று ஒரே சமயத்தில் 24 பேரைத் தொங்கவிடலாம். 1649-ல் ஒரு நாள் அப்படியே முழுக்கொள்ளளவும் பயன்பட்டது.

தூக்குநாள் என்பது விடுமுறை மாதிரி. நியூகேட் சிறையிலிருந்து கட்டைவண்டியில் ஏற்றி, ஏறக்குறைய மூன்று மைல் ஊர்வலம். வழியில் கள்ளுக்கடைகளில் நிற்பார்கள். ஹோகார்த் 1747-ல் செதுக்கிய 'உழைப்பும் சோம்பலும்' படவரிசையில் சோம்பேறிப் பயிற்சியாளன் தூக்குக்குப் போகும் காட்சி இருக்கிறது. கண்ணில் முதலில் படுவது சாகப்போகிறவன் அல்ல, கூட்டம். பலகை அடித்த பார்வையாளர் மேடை, தின்பண்டம் விற்கிறவர்கள், சண்டை. வண்டியில் சவப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பவன் படத்தின் நடுப்பக்கத்தில் எங்கோ அமுங்கிப்போயிருக்கிறான். தூரத்தில் தூக்குமரத்தின் விட்டத்தின் மேல் சாய்ந்துகொண்டு ஒருவன் புகை பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன்தான் தூக்குப் போடுகிறவன். ஹோகார்த்தின் நீதிபோதனை எனக்கு அலுப்புத் தருவது. ஆனால் அந்தச் சுங்கான் மட்டும் போதனைக்கு அடங்காமல் வெளியே நிற்கிறது.

இந்தக் கூட்டத்தில் என் தொழிலுக்கு நெருங்கிய ஒருவரும் உண்டு. வில்லியம் டாட் என்ற பாதிரியார், நாகரிக லண்டனின் பிரபல பிரசங்கி. கடன் தொல்லை தாங்காமல் தன் பழைய மாணவரான செஸ்டர்பீல்டு பிரபுவின் கையெழுத்தைப் போட்டு 4,200 பவுனுக்கு ஒரு கடன் பத்திரம் தயாரித்தார். பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தும் பயனில்லை. பல ஆயிரம் பேர் கையெழுத்திட்ட கருணை மனு அரசனிடம் போயிற்று. ஒரு பொய்க் கையெழுத்துக்கு எதிராக அத்தனை நிஜக் கையெழுத்துகளும் எடுபடவில்லை. 1777 ஜூன் 27 அன்று டைபர்னில் தூக்கு. டாக்டர் ஜான்சன் அவருக்காக மனுக்கள் எழுதினார். சிறைக் கைதிகள் முன் டாட் நிகழ்த்திய கடைசிப் பிரசங்கத்தையும் ஜான்சன்தான் எழுதிக்கொடுத்தார். கடன் வாங்கிய கையெழுத்துக்காகச் சாகப்போகிறவர் கடன் வாங்கிய பிரசங்கத்தைப் படித்திருக்கிறார். தினமும் கவுண்டருக்குப் பின்னால் மாதிரிக் கையெழுத்து அட்டைகளோடு காசோலைகளை ஒப்பிட்டுப் பார்க்கிற எனக்கு, அந்த ஒப்பீட்டின் மறுமுனையில் ஒரு காலத்தில் இந்த மரம் நின்றது என்பது சும்மா படித்துவிட்டுப் போகிற தகவலாக இல்லை.

ஆனால் மடம் நினைவுகூர்வது டாட்டை அல்ல; ஆஸ்டினையோ, ஒரு கெஜம் துணிக்காகவும் ஒரு வெள்ளிக் கரண்டிக்காகவும் தொங்கியவர்களையோ அல்ல. 1535-க்கும் 1681-க்கும் இடையில் அங்கே கொல்லப்பட்ட 105 கத்தோலிக்கர்களை. நம் கத்தோலிக்கத் தமிழில் வேதசாட்சிகள் என்று சொல்வார்கள். நல்ல சொல். 'மார்ட்டிர்' என்பதன் கிரேக்க மூலத்துக்கும் சாட்சி என்றுதான் அர்த்தம். எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவன் என்று ஒப்புக்கொள்ள மறுத்த ஜான் ஹௌட்டன் முதலிய கார்த்தூசியன் துறவிகள் 1535 மே 4 அன்று முதலில் போனார்கள். இயேசு சபை எட்மண்ட் காம்பியன் 1581 டிசம்பர் 1. 1585-ல் வந்த ஒரு சட்டம், வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று இங்கிலாந்து மண்ணில் கால் வைப்பதையே ராஜத்துரோகம் ஆக்கியது. ஆக, அரசாங்கத்தின் ஏட்டில் இவர்கள் எல்லாம் துரோகிகள். ரோமாபுரியின் ஏட்டில் சாட்சிகள். கயிறு ஒன்றுதான். கத்தோலிக்க ராணி மேரியின் காலத்தில் 1555 முதல் 1558 வரை ஏறக்குறைய 280 புரொட்டஸ்டண்டுகள் ஸ்மித்பீல்டிலும் பிற ஊர்களிலும் உயிரோடு எரிக்கப்பட்டார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு வேறு நினைவுச் சின்னங்கள், வேறு ஏடுகள்.

அந்த 105 பேரில் ஒருவர் கவிஞர். ராபர்ட் சவுத்வெல். 1592-ல் பிடிபட்டு, டாப்கிளிப் என்ற வேட்டைக்காரனின் சித்திரவதைக்கு ஆளாகி, சுமார் மூன்று ஆண்டுச் சிறைக்குப் பின் 1595 பிப்ரவரி 21 அன்று டைபர்னில் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு அவர் கவிதைகள் ஆசிரியர் பெயரில்லாமல் லண்டனிலேயே அச்சாகி, மறுபடி மறுபடி பதிப்புகள் கண்டன. ஆளைக் கொன்ற நகரம் கவிதையை வாங்கிப் படித்தது. நெருப்பில் எரியும் குழந்தையைப் பற்றிய அவருடைய கவிதையைத் தான் எழுதியிருந்தால் தன்னுடைய பலவற்றைக் கிழித்துப் போடச் சம்மதிப்பேன் என்று பென் ஜான்சன் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. கல்லூரியில் எலிசபெத் காலத்துக் கவிதை என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் ஸிட்னி இருந்தார், ஸ்பென்ஸர் இருந்தார். சவுத்வெல் இல்லை. பாடத்திட்டமும் ஒரு ஏடுதானே.

மடத்துக்கு வருவோம். இதை நிறுவியவர் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி, மேரி அடேல் கார்னியே. 1838-ல் தீஜோன் பக்கத்தில் பிறந்தவர். பணக்கார வீடுகளில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். பாரிஸில் மோன்மார்த்ர் குன்றின் மேல் தனியாகத் தவமிருக்க முயன்று உடம்பு ஒத்துழைக்காமல் இறங்கிவந்தவர். அறுபது வயது நெருங்கும்போதுதான் அதே குன்றில் சில பெண்களோடு ஒரு சபையைத் தொடங்க முடிந்தது.

அந்தக் குன்று சாதாரணமானதல்ல. 1871 மார்ச் 18 அன்று பாரிஸ் கம்யூன் வெடித்தது அங்கேதான்; பீரங்கிகளை எடுத்துப்போக வந்த படை ஜனங்களோடு சேர்ந்துகொண்டது, இரண்டு தளபதிகள் சுடப்பட்டார்கள். மே மாதக் கடைசி வாரத்தில் அரசாங்கப் படை உள்ளே நுழைந்து ஆயிரக்கணக்கான கம்யூன்காரர்களைச் சுட்டுத் தள்ளியது. பிறகு அந்தக் குன்றின் மேல் வெள்ளை வெளேரென்று எழுந்ததுதான் சாக்ரே கேர், திரு இருதய பசிலிக்கா. பிரஷ்யாவிடம் தோற்ற தேசத்தின் பாவப் பரிகாரமாக என்று எடுத்த நேர்ச்சை கம்யூனுக்கு முந்தியது என்பது வாஸ்தவம். ஆனால் 1873-ல் தேசிய சபை அதைப் பொதுநலக் காரியம் என்று சட்டமியற்றி இடம் ஒதுக்கியபோது, யாருடைய பாவத்துக்குப் பரிகாரம் என்பதில் பாரிஸ் தொழிலாளிக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சுடப்பட்ட தளபதிகளின் பக்கம் மன்னிப்புக் கேட்கும் கோவில் அது. சுட்டுத் தள்ளப்பட்டவர்களின் பக்கம் அல்ல. 1885 ஆகஸ்டு 1 முதல் அங்கே இடைவிடாத நற்கருணை ஆராதனை நடக்கிறது. கார்னியே அம்மையாரின் ஆன்மிகம் முழுவதும் இந்த ஆராதனையிலிருந்து முளைத்தது. அவரை அரசியல்வாதி என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அவர் முழங்காலிட்ட தரை அரசியல் தரை.

அடுத்து அரசியல் அவரைத் தேடி வந்தது. 1901 ஜூலை 1 சட்டப்படி பிரான்சில் எந்தத் துறவற சபையும் பாராளுமன்றத்தின் அனுமதியின்றி இயங்க முடியாது. அனுமதி கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத பல சபைகள் எல்லையைத் தாண்டின. இந்தச் சிறு கூட்டம் அதே ஆண்டு லண்டனுக்கு வந்து, இரண்டு வருஷம் கழித்து டைபர்னில் இடம் பிடித்தது. பின்னால் ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை ஏற்றுக்கொண்டது. கார்னியே 1924-ல் அங்கேயே இறந்தார்.

மத சுதந்திரமற்ற தேசம் என்று கத்தோலிக்கர்கள் முன்னூறு வருஷம் சொல்லிவந்த இங்கிலாந்தில் அடைக்கலம். திருச்சபையின் மூத்த மகள் என்று பெயர் வாங்கிய பிரான்சிலிருந்து வெளியேற்றம். இது ஒரு விசித்திரமான போக்குவரத்தின் கடைசிக் கட்டம். 1530-களில் ஹென்றி மடங்களைக் கலைத்தபின் இங்கிலாந்தில் கன்னியர் மடமே கிடையாது. துறவு வேண்டிய ஆங்கிலப் பெண்கள் கடல் கடந்து பிளாண்டர்ஸிலும் பிரான்சிலும் மடம் கட்டிக்கொண்டார்கள். 1623-ல் காம்ப்ரே என்ற ஊரில் ஒரு மடம். ஆரம்பித்தவர்களில் ஒருத்தி தாமஸ் மோரின் கொள்ளுப்பேரனின் மகள். பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793-ல் காம்ப்ரே கன்னியரைப் பிடித்துக் காம்பியேனில் அடைத்தார்கள். அதே கட்டடத்தில் காம்பியேனின் கார்மெல் கன்னியரும் வந்து சேர்ந்தார்கள். கார்மெல் கன்னியர் 16 பேர் 1794 ஜூலை 17 அன்று பாரிஸில் கில்லட்டினுக்குப் போனார்கள். பெர்னானோஸும் புலாங்க்கும் உலகறியச் செய்த கதை அது. அவ்வளவாகத் தெரியாதது இது: மாற்றுத் துணி இல்லாத ஆங்கிலக் கன்னியர்கள், செத்தவர்கள் விட்டுப்போன சாதாரண உடைகளை உடுத்திக்கொண்டுதான் 1795-ல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்கள். கொல்லும் ராஜ்யமும் அடைக்கலம் தரும் ராஜ்யமும் இப்படி முறைவைத்து மாறிக்கொண்டிருந்திருக்கின்றன.

எல்லா ராஜ்யத்துக்கும் பொதுவாக ஒரு கேள்வி இருந்தது: இவர்களால் என்ன பயன்? ஆஸ்திரிய சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப் கத்தோலிக்கன்தான். 1782-லிருந்து அவன் கலைத்தவை முக்கியமாகத் தியான மடங்கள். பாடம் சொல்லிக்கொடுப்பவர்களும் நோயாளியைக் கவனிப்பவர்களும் தப்பினார்கள். பகுத்தறிவின் பெயரால் பேசுகிற நம்மவர்களும் இதையேதான் கேட்பார்கள். அன்னை தெரசா என்றால் அவர்களுக்குப் புரியும், விரோதமாகவேனும் புரியும். சும்மா முழங்காலிட்டிருப்பது புரியாது. கவிதையால் என்ன பயன் என்று கேட்கிறவரும் இவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் என்பது என் அனுபவம். அதனாலேயே கவிதையும் பிரார்த்தனையும் ஒன்று என்று கிளம்பிவிடுகிறவர்களோடும் எனக்கு ஒட்டாது. கவிதை நாலு பேர் படிக்க எழுதப்படுகிறது, தப்பென்றால் சொல்ல ஆள் இருக்கிறது. கிராதிக்குப் பின்னாலிருந்து செய்யப்படும் பிரார்த்தனையைத் திருத்த விமர்சகன் கிடையாது.

இடமும் சற்று சுவாரசியமானது. மடத்தை ஒட்டி 10-ஆம் எண் வீடு; அகலம் மூன்றரை அடி. லண்டனிலேயே சின்ன வீடு என்று பெயர் பெற்றது. 1941-ல் குண்டு விழுந்து சேதமாகி, பிறகு மடத்தோடு சேர்ந்துவிட்டது. வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு பழைய இடுகாடு இருந்தது. 'டிரிஸ்ட்ரம் ஷாண்டி' எழுதிய லாரன்ஸ் ஸ்டெர்னை 1768-ல் அங்கேதான் புதைத்தார்கள். பிணந்திருடிகள் தோண்டியெடுத்து உடற்கூறு மேஜைக்கு அனுப்பிவிட்டதாகக் கதை. அவருடையது என்று நம்பப்பட்ட மண்டையோட்டை 1969-ல் அவர் ஊரான காக்ஸ்வோல்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வட்டாரத்து மண் ஆட்களைச் சரியாக வைத்துக்கொள்வதில்லை.

மடத்தில் இரண்டு தளங்கள். கீழே நிலவறையில் வேதசாட்சிகளின் ஆலயம்: அவர்கள் எலும்பு, துணி முதலிய அருளிக்கங்கள், படங்கள், பெயர்கள். பீடத்துக்கு மேல் விதானமாக மூன்று கால் தூக்குமரத்தின் மாதிரி. மேலே சிற்றாலயம்: கதிர்ப்பாத்திரம், கிராதி, முழங்காலிட்ட ஒருத்தி. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் வழக்கம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கீழே இருப்பது சரித்திரம், தேர்ந்தெடுத்த சரித்திரம். ஒவ்வொரு பெயரும் விசாரித்து, சாட்சியம் பார்த்து, ரோமாபுரி முத்திரையிட்ட பின் சேர்ந்தது. 1970-ல் ஆறாம் பவுல் ஒரே நாளில் புனிதர்களாக்கிய 40 பேரில் காம்பியனும் சவுத்வெல்லும் ஹௌட்டனும் உண்டு. பல பத்தாயிரம் பேர் செத்த இடத்தில் 105 பேரை ஞாபகம் வைத்துக்கொள்வது என்பது மிச்சப் பேரை மறப்பதற்கு ஒரு முறையான ஏற்பாடு என்றுதான் முதலில் நினைத்தேன். மோன்மார்த்ரில் நடந்ததே டைபர்னிலும். இந்தக் குற்றச்சாட்டை நான் வாபஸ் வாங்கவில்லை.

ஆனால் மேல்தளத்தில் பெயர்ப் பட்டியல் இல்லை. கேட்பவர், கேட்காதவர் யாருக்காகவும் ஜெபம் என்பது அந்த வாழ்க்கையின் விதி. நள்ளிரவில் தன் முறைக்கு எழுந்து வரும் கன்னிகை ஆஸ்டினுக்காக வேண்டினாளா, நேற்று சீட்டு எழுதிப் போட்டுவிட்டுப் போன யாரோ ஒரு டாக்ஸி டிரைவருக்காக வேண்டினாளா என்று பதிவேடு கிடையாது. ஸ்தாபனம் கீழே தேர்ந்தெடுக்கிறது. மேலே அந்த ஸ்தாபனமே தேர்ந்தெடுக்க மறுக்கிறது. இதைச் சமாதானம் என்று நான் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு மேல்தளம் சரித்திரமே இல்லை, கீழ்த்தளம்தான் சரித்திரம். நான் வெளியிலிருந்து பார்க்கிறவன்.

கீழ்த்தளத்தின் ஏட்டில் விடுபட்டவர்களில் என்னை உறுத்துவது திருடர்கள்கூட அல்ல. ஒரு கன்னிகை. டைபர்னிலேயே தூக்கிலிடப்பட்ட, ஆசீர்வாதப்பர் சபைக் கன்னிகை.

எலிசபெத் பார்ட்டன் கெண்ட் பகுதியில் ஒரு பண்ணை வீட்டு வேலைக்காரி. 1525-ல் காய்ச்சலில் விழுந்து, பரவச நிலையில் பேச ஆரம்பித்தாள். அப்போது அவளுக்கு 19 வயது இருக்கும். 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பேச்சு பலித்தது என்றார்கள். காண்டர்பரி மேற்றிராணியார் விசாரணைக் குழு அனுப்பினார். குழுவில் இருந்த போக்கிங் என்ற துறவி அவளுக்கு ஆன்ம குருவானார். அவளைக் காண்டர்பரியில் ஒரு மடத்தில் சேர்த்தார்கள். கூட்டம் வந்தது. கர்தினால் வூல்ஸி பார்த்தார், அரசனே பார்த்தான். ஹென்றி தன் மனைவியை விலக்கிவிட்டு ஆன் போலினை மணக்கக் கிளம்பியபோது இவள் எதிர்த்துச் சொன்னாள்: அந்தக் கல்யாணம் நடந்தால் ஒரு மாதத்துக்கு மேல் நீ அரசனாக இருக்கமாட்டாய். கல்யாணம் நடந்தது. மாதம் கழிந்தது. அரசன் அரசனாகவே இருந்தான்.

1533 நவம்பர் 23 அன்று லண்டன் பவுல்ஸ் கிராஸில் மேடை போட்டு அவளை நிறுத்தி, எல்லாம் நடிப்பு என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். விசாரணை கிடையாது, பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு மரண தண்டனை விதித்தது. 1534 ஏப்ரல் 20 அன்று போக்கிங்கோடும் வேறு சில குருக்களோடும் டைபர்னில் தூக்கு. தலை லண்டன் பாலத்தில் குத்திவைக்கப்பட்டது. கயிற்றின் முன் நின்று அவள் பேசியதாக ஒரு பேச்சு ஹாலின் சரித்திர நூலில் இருக்கிறது. தான் படிப்பில்லாத ஏழைப் பெண் என்றும், படித்தவர்கள் புகழ்ந்ததில் தலை கனத்துப்போயிற்று என்றும், தன்னால் லாபம் அடைந்தவர்கள் அவர்கள்தான் என்றும் அதில் சொல்கிறாள். ஹால் அரசன் கட்சி. அவளைப் பற்றி நமக்குத் தெரிந்தது அநேகமாக எல்லாமே அவளைக் கொன்றவர்கள் எழுதிவைத்ததுதான். இருந்தும் அந்தப் பேச்சில் ஒரு வேலைக்காரியின் கோபம் இருக்கிறது. அதை ஹால் இட்டுக்கட்டியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவளைச் சந்தித்தவர்கள் கதி என்னவாயிற்று? மேற்றிராணியார் ஜான் பிஷர் அவள் பேச்சைக் கேட்டு நம்பினார். அதை அரசனுக்குத் தெரிவிக்காத குற்றத்துக்கு அதே சட்டத்தில் தண்டனை பெற்றார். தாமஸ் மோர் வக்கீல். அவளோடு பேசினார், ஜாக்கிரதையாகக் கடிதமும் எழுதினார், ராஜ விஷயங்களில் தலையிடாதே என்று. பின்னால் அவளை ஏமாற்றுக்காரி என்றே எழுதித் தன்னை விலக்கிக்கொண்டார். சட்டத்தின் முன்வரைவில் இருந்த அவர் பெயர் நீக்கப்பட்டது. இரண்டு பேரும் மறு வருஷம் வேறு காரணத்துக்குத் தலை இழந்தார்கள். 1935-ல் இரண்டு பேரும் புனிதர்கள் ஆனார்கள். பார்ட்டனுக்கு முத்திப்பேறு பட்டம்கூட இல்லை. 105 என்ற கணக்கு 1535-ல் தொடங்குகிறது. அவள் செத்தது 1534. ஒரு வருஷம் முந்திவிட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம். நிஜமான காரணம் அதுவல்ல. சாட்சி என்பவன் தன் சொல்லில் நிற்க வேண்டும். அவள் நிற்கவில்லை, அல்லது நிற்க விடவில்லை. ஐந்து வருஷம் படித்த ஆண்கள் அவள் வாயில் தங்கள் தங்கள் அரசியலைப் போட்டுப் பேசவைத்தார்கள். ஐந்து மாதம் வேறு படித்த ஆண்கள் எதிரான அரசியலைப் போட்டுப் பேசவைத்தார்கள். இதில் எது அவள் சொல் என்று ரோமாபுரி எப்படிக் கண்டுபிடிக்கும்?

டைபர்னில் இன்னொரு தீர்க்கதரிசனமும் உண்டு. 1585-ல் கிரகரி கன் என்ற குரு, அதிகாரிகள் முன் விசாரணையில், காம்பியன் செத்த இடத்தில் ஒரு நாள் துறவியர் இல்லம் எழும் என்று சொன்னாராம். மடத்தார் அதைப் பெருமையோடு எடுத்துச் சொல்கிறார்கள். 318 வருஷம் கழித்துப் பலித்தது. பலித்த சொல்லுக்கு ஏட்டில் இடம் கிடைத்திருக்கிறது. பலிக்காத சொல்லுக்குக் கிடைக்கவில்லை. ஒரு கன்னியர் மடம் தன் நினைவின் ஆரம்பத்தில் ஒரு கன்னிகையை வைக்க முடியாமல் போனது எனக்கு மடத்தின் குறையாகப் படவில்லை; ஏடு என்கிற விஷயத்தின் குறையாகப் படுகிறது. மேல்தளத்தில் நடுராத்திரி முறைக்காரி ஒருத்தி அவளை நினைத்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

பார்ட்டனின் காட்சிகளைத் தொகுத்து ஒரு புத்தகம் அச்சானது, 700 பிரதிகள். 1533-ல் அவளைக் கைது செய்தபோது அரசாங்கம் அத்தனையையும் கைப்பற்றி அழித்துவிட்டது. அந்தக் காலத்தில் வீணான அச்சுத்தாள்களை வேறு புத்தகங்களின் அட்டைக்குள் ஒட்டிப் பைண்டு செய்வது வழக்கம். அப்படித் தொலைந்த எத்தனையோ நூல்களின் தாள்கள் பழைய அட்டைகளைப் பிரிக்கும்போது அகப்பட்டிருக்கின்றன. இதில் ஒரு தாளும் இதுவரை அகப்படவில்லை.